ஐந்தாவது தட்டு

எண்ணி எண்ணி எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு!" என்று குச்சியால் மேசையைத் தட்டினார் கிளேமன் ஐயா. ஜெர்மனியிலிருந்து வந்த இசை நடத்துநர். பாடும் பெண்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் நான்கிலேயே அடுத்த வரிக்குத் தாவினோம். மீதிப்பேர் ஆறு வரை இழுத்தார்கள்.

எங்கள் பீட்டர்ஸ்பர்க் அரங்கில் இதுவரை இத்தாலியப் பாட்டுதான். இப்போதுதான் முதல் தடவையாக ருஷ்ய மொழியில் ஓர் இசை நாடகம். அதில் எங்கள் கிராமத்துக் கல்யாணப் பாட்டு! பழகிய பாட்டுகளுக்கு நான்கு தட்டு போதும். இதற்கு ஐந்து. அந்த ஐந்தாவது தட்டு எல்லார் உயிரையும் வாங்கியது.

"சாயங்காலத்துக்குள்ள சரியா வரலேன்னா இந்தப் பாட்டையே வெட்டிடுவேன். இத்தாலியப் பாட்டு ஒண்ணு போட்டுக்கலாம்" என்றார் ஐயா.

எனக்கு அழுகை முட்டியது. என் அக்கா கல்யாணத்தில் நான் பாடிய பாட்டு அது.

"எல்லாம் உன்னாலதாண்டி, உஸ்தீன்யா! என்ன அவசரம் உனக்கு?" என்றாள் பக்கத்தில் நின்று பாடிய மாவ்ரா.

"நானா? நீதான் ஆமை மாதிரி இழுக்கிறே!"

ஆத்திரத்தில் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அது கையோடு அவிழ்ந்து வந்தது. சட்டென்று அக்காவின் பின்னல் ஞாபகம் வந்தது.

"ஐயா! ஊர்ல நாங்க யாருமே எண்ணினதில்லை. கல்யாணப் பொண்ணோட பின்னலை அவிழ்த்துக்கிட்டே பாடுவோம். அவ்வளவுதான்!"

"இது நாடக அரங்கமா, முடி வெட்டுற கடையா?"

"ஒரே ஒரு தடவை, ஐயா. அந்தக் குச்சியைக் கீழே வைங்க."

பெருமூச்சு விட்டபடி வைத்தார். நாங்கள் வட்டமாக நின்றோம். ஒவ்வொருத்தி கையிலும் முன்னால் நிற்பவளின் பின்னல். விரல்களுக்கு வேலை வந்ததும் எண்ணுவது மறந்துபோனது. பாட்டு தடுக்காமல் ஓடியது.

"இன்னொரு தடவை!" என்றார் ஐயா.

"மறுபடி பின்னணுமே, ஐயா!"

ஏழு தடவை பின்னி, ஏழு தடவை அவிழ்த்தோம். பன்னிரண்டு தலையும் குருவிக்கூடு ஆனது.

"சரி, பாட்டு இருக்கட்டும். ஆனா நான் எண்ணித் தட்டினா நீங்க தடுமாறுறீங்க. எனக்கோ எண்ணாம நடத்த வராதே!" என்று புலம்பினார் ஐயா.

"நீங்களும் எதையாவது பின்னி அவிழ்த்துப் பாருங்களேன்!" என்று பொறுமையிழந்து சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முதல் நாள் நாடகம். கூட்டம் நிரம்பி வழிந்தது. எங்கள் பாட்டு வந்ததும் பயத்தோடு ஐயாவைப் பார்த்தேன்.

அவருடைய மேசை விரிப்பின் குஞ்சங்கள் வரிசையாகப் பின்னப்பட்டிருந்தன. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, எங்களோடு சேர்ந்து அவரும் முதல் குஞ்சத்தை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.