கஞ்சி குடித்த லாரி

செவ்வாய்க் கிரகத்தில் லாரி வைத்திருப்பவர்கள் காலையில் தாங்கள் காபி குடிப்பதற்கு முன் வண்டிக்குக் கஞ்சி ஊற்றிவிடுவார்கள். சக்கரத்துக்கு ஒரு குவளை வீதம் ஆறு குவளை, உப்புப் போட்ட பாசிக் கஞ்சி. குளிர்காலமென்றால் கொஞ்சம் சூடாக. ஊற்றிவிட்டுச் சக்கரத்து மேல்மூடியைத் தட்டிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் தசை ஒருமுறை சிலிர்த்து அடங்கும். ஊற்ற மறந்தவன் வண்டி அன்றைக்கு நொண்டும்.

மூலப்பாடிக் குடியிருப்பில் கஞ்சிக் குவளையைத் தொடாத ஒரே ஓட்டுநர் துரைப்பாண்டி. அவருடைய வண்டியைத் தாங்குவது பழைய இரும்புப் பட்டை வில்தான். "இரும்பு சோறு கேக்காதுல்லா" என்று பத்து வருஷமாகப் பெருமை பேசியவர். இன்றைக்கு அந்தப் பெருமையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரெஜினா மேரியின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

காரணம், முட்டை.

மூலப்பாடியிலிருந்து புதுத்துறைக்கு முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். அதில் முந்நூற்றுப் பத்தும் கற்காடு. புதுத்துறையில் கோழி கிடையாது. அங்கே பிறந்த பிள்ளைகள் சேவல் கூவுவதைப் பதிவில்தான் கேட்டிருக்கிறார்கள். ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்கு உயிருள்ள பறவையைக் கொண்டுபோக நோய்த்தடுப்புச் சட்டம் விடாது. கருவுள்ள முட்டையைக் கொண்டுபோகலாம். துரைப்பாண்டியின் மனைவி செல்வக்கனி இரண்டு வருஷமாகப் புதுத்துறையில் இருந்து ஒரு கோழிக்கூடத்தைக் கட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தார். துரைப்பாண்டி இரண்டு தடவை முட்டை ஏற்றிப் போனார். இரண்டு தடவையும் வழியிலேயே குலுங்கிக் குலுங்கிக் கரு செத்துவிட்டது. இரண்டு ஊரிலும் அவருக்கு 'ஆம்லெட் அண்ணாச்சி' என்று பெயர் விழுந்தது.

மூன்றாவது தடவையும் கெட்டால், பூமியிலிருந்து அடுத்த கப்பல் வரும்வரை, அதாவது இருபத்தாறு மாதம், ஒரு முட்டையும் தரமுடியாது என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். செல்வக்கனி அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

"வண்டிய நாலடி தூக்கிக் குடு" என்றார் ரெஜினாவிடம்.

"எதுக்கு?"

"கல்லு தட்டாம இருக்கத்தான். கொம்பையா வண்டியப் பாத்தியா, என்ன ஒசரம்."

"அந்த வண்டி பஜாரத் தாண்டி எங்கயும் போனதில்ல அண்ணாச்சி. நாலு பேரு பாக்கட்டும்னு தூக்கி வச்சிருக்காவ. கற்காட்டுல பெரிய கல்லே ஒண்ணரை அடிதான். ரெண்டடி தூக்கினாப் போதும். அதுக்கு மேல போனா பெட்டி ஊஞ்சலாடும்."

துரைப்பாண்டி சரியென்று தலையாட்டினார். வண்டிக்கு அடியில் என்ன வைப்பது என்பது அடுத்த பேச்சு. காற்றுப்பை மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் இங்கத்துக் குளிரில் ரப்பர் அப்பளமாக நொறுங்கிவிடும். காந்தத்தால் இறுகித் தளரும் எண்ணெய்க் குழம்பு நிரப்பிய தாங்கி அதைவிட நல்லது, ஆனால் செவ்வாய்த் தூசியில் இரும்பு அதிகம். ஒரு பொட்டுத் தூசி உள்ளே போனால் குழம்பு கட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் ரெஜினா கையில் எடுத்துக் காட்டிச் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். விற்கிறவர் தன் சரக்கின் குறையைச் சொல்லி துரைப்பாண்டி இதுவரை கேட்டதில்லை.

"இடிய வாங்குறதுக்கு எல்லாரும் வில்லு வைப்பாவ" என்றார் ரெஜினா. "பூமியில அது சரி. வண்டி குழியில விழுந்து எந்திரிச்சா அடுத்த நொடி எல்லாம் அடங்கிரும். இங்க கனம் மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. மேல போன பெட்டி கீழ வர நேரமாவும். அது வாறதுக்குள்ள அடுத்த கல்லு வந்திரும். உங்க முட்டையக் கொன்னது இடி இல்ல அண்ணாச்சி. இடிச்சதுக்கப்புறம் எழும்புச்சுல்லா, அதுதான்."

இருபது வருஷம் வண்டி ஓட்டியும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று துரைப்பாண்டிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ரெஜினா மேல் மதிப்புத்தான் கூட வந்தது.

கடைசியில் தசைவில்தான் என்று முடிவாயிற்று. தொட்டியில் வளர்த்தெடுத்த தசை. சக்கரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் தொடைப் பருமன். ஒவ்வொரு தசைக்கும் சக்கரத்துக்கு மேலே ஒரு கண் உண்டு. பத்து மீட்டருக்கு முன்னாலேயே அது கல்லைப் பார்த்துவிடும். சக்கரம் கல்லில் ஏறுவதற்குள் தசை தளர்ந்து இடம் கொடுக்கும், இறங்கும்போது பிடித்து நிறுத்தும். மேலே இருக்கிற பெட்டிக்குக் கீழே கல் இருந்த சங்கதியே தெரியாது.

"மூணு நாளு ஓட்டிப் பழக்குங்க. உங்க கை எப்பிடித் திருப்பும்னு அது படிச்சுக்கிடும்" என்றார் ரெஜினா. "இன்னொண்ணு. போட்ட ரோட்டக் கண்டா அது கண்ண மூடித் தூங்கிரும். அவ்வளவு தூரம் ஒழைச்சிட்டு வாறதுக்கு ஓய்வு வேணும்லா. எழுப்பிராதீங்க."

"ரோட்டுல கல்லா மொளைக்கப் போவுது" என்று சிரித்தார் துரைப்பாண்டி. ரெஜினாவும் சிரித்தார்.

மூன்று நாள் பழக்கினார். முதல் நாள் பெட்டிக்குள் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தார், பாதி சிந்தியது. இரண்டாம் நாள் ஒரு மடக்கு. மூன்றாம் நாள் விளிம்புவரை தளும்பத் தளும்ப ஊற்றி ஓட்டிவிட்டு வந்து, அந்தத் தண்ணீரை அவரே குடித்தார். மறுநாள் விடிந்ததும் இரும்புப் பெருமை பேசிய மனிதர் ஆறு குவளைக் கஞ்சியைத் தன் கையாலேயே ஆற்றி ஊற்றினார். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

இருநூற்று நாற்பது முட்டைகள். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் ஒரு பலகையில் இருநூற்று நாற்பது பச்சைப் புள்ளிகள். ஒரு கரு செத்தால் அதன் புள்ளி அணையும்.

முன்பு பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் கடந்த கற்காடு அது. இப்போது முள் எழுபதைத் தொட்டது. கீழே ஆறு சக்கரங்களும் ஆறு விதமாக ஏறி இறங்கின. ஒன்று பள்ளத்தில் முங்கும்போது இன்னொன்று பாறைமேல் நின்றது. மேலே பெட்டி, கோயில் குளத்துத் தெப்பம் மாதிரி மிதந்துகொண்டு வந்தது. மனிதன் இவ்வளவு தூரம் வந்து, உயிரில்லாத இந்த மண்ணில் இப்படியொரு உயிரை வளர்த்து வண்டிக்கு அடியில் பூட்டியிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டார் துரைப்பாண்டி. பாதி வழியில் பேசியை எடுத்தார்.

"கனி, எழுபதுல வாறேன். ஒரு புள்ளி அணையல."

"கற்காட்டுலயா?"

"கற்காட்டுலதான். அந்தி சாயுறதுக்குள்ள அங்க இருப்பேன். கூட்டுல வெளக்கப் போட்டு வையி."

செல்வக்கனி விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "மெதுவாவே வாங்க" என்றார்.

கற்காடு முடிந்தது. இருநூற்று நாற்பதும் பச்சை. புதுத்துறைக்காரர்கள் மண்ணை உருக்கிப் போட்டிருந்த முப்பது கிலோமீட்டர் ரோடு, கண்ணாடி போலக் கிடந்தது. ஆறு கண்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. தசைகள் இறுகி உறங்கின. "தூங்குங்கய்யா" என்று துரைப்பாண்டி வாய்விட்டே சொன்னார். தூரத்தில் ஊரின் காற்றடைப்புக் கதவு தெரிந்தது. கதவுக்கு மேலே பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். 'கற்காட்டை வென்ற காவலரே வருக' என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய படம். இவ்வளவு எதற்கு என்று கூச்சத்தோடு அதைப் பார்த்தபடி வந்தார்.

தடால் என்றது.

முதல் இடியில் வண்டி எழும்பியது. செவ்வாயில் எழும்பியது சீக்கிரம் இறங்காது. இறங்கிய இடத்தில் இரண்டாவது இருந்தது. அதற்கடுத்து மூன்றாவது.

வண்டி நின்றபோது பலகை அநேகமாக இருண்டிருந்தது.

நடந்தது இதுதான். செல்வக்கனி சந்தோஷம் தாங்காமல் பக்கத்து வீட்டில், எழுபதில் வருகிறார் என்று சொல்லியிருந்தார். ஊரில் அரை மணி நேரத்தில் அது நூற்றிருபதாகிவிட்டது. புதுத்துறைப் பஞ்சாயத்து கூடியது. இவ்வளவு வேகமாக ஒரு வண்டி வந்தால் பிள்ளைகுட்டிகள் கதி என்ன என்று முதல் வார்டு உறுப்பினர் தங்கப்பழம் கேட்டார். கதவுக்கு வெளியே மூச்சுவிடக் காற்றே கிடையாது, எந்தப் பிள்ளையும் அங்கே விளையாடியதில்லை. அதை யாரும் நினைக்கவில்லை. உடனே ஒரு வேகத்தடை போடத் தீர்மானமாயிற்று. முதல் வார்டுக்கு மட்டும்தானா என்று மற்ற இரண்டு வார்டுக்காரர்களும் எழுந்தார்கள். ஆகவே மூன்று. வெள்ளைக்கோடு போடப் பெயிண்டுக்குத் தனியாகத் தீர்மானம் வேண்டுமாம். அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மொத்த ஊரிலும் இருந்த வண்டிகள் ஐந்து. அதில் இரண்டு ஓடாது.

பெட்டியை உள்ளே கொண்டுபோய்ச் செல்வக்கனிதான் திறந்தார். ஊரே சுற்றி நின்றது. ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வைத்துக்கொண்டே வந்தார். துரைப்பாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அழுகிறவர் முகத்தை ஊர் பார்க்க வேண்டாமென்று.

"பதினொண்ணு இருக்கு" என்றார் செல்வக்கனி கடைசியில். "வெளக்குப் பக்கத்துல எடத்த விடுங்க. யாரும் தட்டிராதீங்க." பிறகு கணவரின் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கற்காட்டுல ஒண்ணும் சாகலல்லா. பலகைப் பதிவ நான் பாத்துட்டேன். அது போதும் எனக்கு."

பஞ்சாயத்தும் கல்மனம் படைத்ததல்ல. அன்று மாலையே அவசரமாகக் கூடி, இருநூற்று இருபத்தொன்பது உயிர்களுக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. இனி இப்படியொரு துயரம் நேரவே கூடாது என்று எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். வேகத்தடை இருக்கும் இடத்துக்கு வண்டிகள் வேகமாக வந்துவிடுவதுதான் ஆபத்து என்று கண்டறிந்து, அதற்கு நூறு மீட்டர் முன்னால் இன்னொரு வேகத்தடை போடத் தீர்மானித்தார்கள்.

பதினொன்றில் ஒன்பது குஞ்சு பொரித்தன. அதில் இரண்டு சேவல்.

துரைப்பாண்டி இன்னும் அந்தத் தடத்தில்தான் ஓட்டுகிறார். வண்டி அந்த ஒரு நாளில் படித்ததை ரெஜினாவால்கூட மறக்கடிக்க முடியவில்லை. கற்காட்டில் இறங்கினால் ஆறு தசைகளும் அலட்டிக்கொள்ளாமல் தம் வேலையைச் செய்கின்றன. ஆளில்லாத நல்ல பாறைவெளியில் ஒன்றிரண்டு கண்கள் சொக்கிப்போவதும் உண்டு. மனிதர்கள் போட்ட ரோட்டைக் கண்டால்தான் ஆறு கண்களும் படக்கென்று திறந்துகொள்கின்றன.