அடுத்தவருக்கு அடுக்கிய விறகு

ரஷ்ய எல்லையை ஒட்டிய அந்த நார்வே ஊரின் காவல் நிலையத்துக்குள் உள்ளூர்க்காரர் ஹல்வோர் மூச்சிரைக்க நுழைந்தார்.

"பக்கத்துக் குடில்ல உளவாளி புகுந்துட்டான். பூட்டை உடைச்சிருக்கான். நான் உள்ள காலே வைக்கல, சன்னல் வழியாத்தான் பார்த்தேன். மேசையில நம்ம ராணுவ ரேடாரோட வரைபடம், கூடவே அரபிப் பத்திரிகை. அகதி முகாம்ல இருக்கிற அந்த நிசார்தான். தினமும் அந்தப் பக்கம் நடக்கிறான்."

மதியத்துக்குள் நிசார் கைதானார். மாலை விமானத்தில் ஓஸ்லோவுக்கு, பாதுகாப்புப் பிரிவிடம். அதில் ஏறிவிட்டால் அவருடைய புகலிட மனு அவ்வளவுதான். ஊர்க் கடையில் ஆளாளுக்கு "நான் அப்பவே சொன்னேன்" என்றார்கள். ஒருவரும் அப்போது சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் ஆஸ்லாவ் அவசரப்படவில்லை. உதவியாளர் ஐரிக்கையும் ஹல்வோரையும் அழைத்துக்கொண்டு குடிலுக்குப் போனார்.

ஐரிக் வரைபடத்தின் மேல் பாய்ந்தார். "இதுக்கு மேல என்ன வேணும் மேடம்? கேஸ் முடிஞ்சுது."

ஆஸ்லாவ் அடுப்பருகே குனிந்திருந்தார். சாம்பல் வாளி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்புக்குள் மரப்பட்டை, அதன்மேல் சுள்ளி, அதற்கும் மேல் விறகு. பக்கத்திலேயே தீப்பெட்டி.

"ஐரிக், இந்த விறகையெல்லாம் எடுத்து வெளிய பனியில போடுங்க."

ஐரிக் கை வைத்ததும் ஹல்வோருக்குப் பொறுக்கவில்லை. "அதை ஏன்யா கலைக்கிற? அடுத்து வர்றவங்க குளிர்ல நிப்பாங்களேன்னு பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கேன்..."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"உள்ள காலே வைக்கலன்னீங்களே," என்றார் ஆஸ்லாவ். "ஐரிக், உளவு பார்க்க வந்தவன் குளிர் காய்ஞ்சிருக்கலாம். ஆனா போகும்போது சாம்பலை அள்ளிட்டு, அடுத்தவனுக்கு விறகு அடுக்குவானா? நம்ம மலைக்குடில் வழக்கம் அது. முகாம்ல கரண்ட் ஹீட்டர்தான். நிசாருக்கு இதை யார் சொல்லித் தந்தா?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். திருட்டுத்தனத்திலும் கை தன் மரியாதையை விடவில்லை.

ஹல்வோர் பெஞ்சில் உட்கார்ந்தார். "முகாமை மூடச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன். எவனும் காதுல வாங்கல. அதான் வரைபடத்தையும் பத்திரிகையையும் நானே கொண்டுவந்து வச்சேன். பயமா இருக்கு ஆஸ்லாவ்."

"அந்தப் பையனுக்கும்தான் பயமா இருக்கு, ஹல்வோர்."

ஆஸ்லாவுக்கு எரிச்சலும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. விமான நிலையத்துக்குப் போன் போட்டார். நிசாரை ஏற்றவிருந்த அதிகாரி நம்பாமல் கேட்டார்:

"அப்ப குடிலுக்குள்ள புகுந்தது வெளியாள் இல்லையா?"

"இல்ல. யாரோ ஒருத்தர் குளிர்ல நடுங்கக் கூடாதுன்னு விறகு அடுக்கிட்டு, இன்னொருத்தனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்த நம்மாளு."