ஸ்டம்பாகப் போன பலகைகள்

பொதட்டூர்பேட்டைக்கு வெளியே, ரத்னாவின் நிலத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ஊரே நெல் போட்டபோது அவர் மட்டும் மக்காச்சோளம் போட்டிருந்தார். அதுவும் இரண்டு வகை விதை. எது நன்றாக விளைகிறது என்று இன்று எடை போட்டுச் சொல்லப் போகிறார்.

அவருடைய மகள் அஸ்வினி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவைப் பார்க்க இத்தனை பேர் வந்ததில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. காலையிலிருந்து தராசை விட்டு நகரவே இல்லை.

நிலத்தில் மொத்தம் ஆறு பாத்திகள். போர்வெல் பக்கம் தண்ணீர் நன்றாகப் பாயும். ரோட்டுப் பக்கம் கொஞ்சம் மேடு. நல்ல இடமெல்லாம் ஒரே விதைக்குப் போனால் அது சரியான போட்டி இல்லையே? அதனால் ரத்னா சீட்டுக் குலுக்கி, மூன்று பாத்திகளில் ஒன்றாம் நம்பர் விதையும் மூன்றில் இரண்டாம் நம்பர் விதையும் போட்டார். சீட்டு எடுத்தது அஸ்வினிதான். ஒவ்வொரு பாத்தியிலும் நம்பர் எழுதிய பலகை ஒன்றை நட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு எல்லாப் பாத்தியிலும் பாதிப் பயிரைப் பச்சையாக வெட்டி எடை போட்டார்கள். அதை நறுக்கி, காற்றுப் புகாமல் மூட்டையில் அமுக்கி வைத்தால் மாட்டுக்கு ஊறுகாய்ப்புல். அதில் இரண்டாம் நம்பர்தான் ஜெயித்தது.

"மாட்டுக்கு ஊறுகாயா? அப்போ தயிர்சாதம் யாரு போடுவாங்க?" என்று அன்றைக்குக் கேட்டார் எட்டு மாடு வைத்திருக்கும் முனிகிருஷ்ணன்.

இன்றைக்கு மீதிப் பாதியில் முற்றிய கதிருக்கு எடை. பாத்திவாரியாகக் கதிர்களைக் குவித்திருந்தார்கள். ரத்னா பலகையைப் பார்த்துப் பார்த்து வாசித்தார்.

"மொதல் பாத்தி, ஒண்ணாம் நம்பர், அம்பத்தோரு கிலோ. ரெண்டாவது பாத்தி, ரெண்டாம் நம்பர், முப்பத்தொம்பது. மூணாவது பாத்தி, ரெண்டாம் நம்பர், அம்பது. நாலாவது, ஒண்ணாம் நம்பர், முப்பத்தெட்டு."

ரத்னா நிறுத்திவிட்டார். மறுபடியும் தராசைப் பார்த்தார்.

"இன்னா ரத்னா இது? அதே ஒண்ணாம் நம்பர் அங்க அம்பத்தொண்ணு, இங்க முப்பத்தெட்டா? இத நம்பி நாங்க எப்படி விதை வாங்குறது?" என்றார் முனிகிருஷ்ணன்.

"அதான்ணா எனக்கும் புரியல." ரத்னாவின் குரல் இறங்கிவிட்டது.

"பேசாம நெல்லே போட்டிருக்கலாம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் கிளம்பத் தயாரானார்கள்.

அஸ்வினிக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அப்போதுதான் மூன்றாவது பாத்திப் பலகை அவள் கண்ணில் பட்டது. அதில் பந்து பட்ட அடையாளம் இருந்தது.

பச்சையாக வெட்டிய இடம் காலியாகக் கிடந்ததால், போன வாரம் அஸ்வினியும் மற்றப் பிள்ளைகளும் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள். ஸ்டம்ப் இல்லை. நடுவில் இருந்த மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பாத்திப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவசர அவசரமாக நட்டுவிட்டு ஓடினார்கள். எதை எங்கே நட்டோம் என்று யார் பார்த்தார்கள்?

அன்றைக்கு அவளோடு ஆடிய முரளி பக்கத்தில் நின்றிருந்தான்; அவள் கையைக் கிள்ளினான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"சும்மா இருடி. சொன்னா அவ்ளோதான், ரெண்டு பேருக்கும் உதை."

அஸ்வினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா, விதை மேல தப்பு இல்ல. நடுவுல இருக்கிற மூணு பலகையையும் நாங்க ஸ்டம்புக்கு எடுத்துக்கினு போயிட்டோம். மாத்தி நட்டுட்டோம்போல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ரத்னா சிரிக்கவில்லை.

"பலகை இருக்கேன்னுதானே நான் வேற எங்கயும் எழுதி வெக்கல. நாலு மாசம் பட்ட பாடெல்லாம் போச்சே."

அஸ்வினி தலையைக் குனிந்தாள். காலடியில், அணில் மணியெல்லாம் கொறித்துவிட்டுப் போட்ட சோளச் சக்கை ஒன்று கிடந்தது. சக்கை சிவப்பாக இருந்தது. போன வாரம் முரளியோடு சக்கையில் வண்டி செய்தபோது, சிலது வெள்ளையாக இருந்ததே!

அவள் முதல் பாத்திக் குவியலுக்கு ஓடினாள்.

"இந்தப் பாத்திப் பலகைய நாங்க தொடல" என்று ஒரு கதிரை எடுத்து இரண்டாக ஒடித்தாள். நடுச் சக்கை வெள்ளை. இரண்டாவது பாத்திப் பலகையையும் யாரும் தொடவில்லை. அங்கே ஒரு கதிரை ஒடித்தாள். சிவப்பு.

"ஒண்ணாம் நம்பர் வெள்ளை, ரெண்டாம் நம்பர் சிவப்பு. இப்போ இத பாரும்மா."

மூன்றாவது பாத்திக் கதிர் வெள்ளை. நான்காவது சிவப்பு.

"ஒரு கதிர வெச்சு சொல்லக் கூடாது" என்று ரத்னா புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு பாத்தியிலும் பத்துப் பத்துக் கதிர் ஒடித்தார்கள். முனிகிருஷ்ணனும் சேர்ந்து ஒடித்தார். எந்தப் பாத்தியிலும் ஒரு கதிர்கூட நிறம் மாறவில்லை. மூன்றாவது பலகையும் நான்காவது பலகையும்தான் இடம் மாறியிருந்தன. ஐந்தாவது சரியாகவே இருந்தது.

மீதி எடையும் போட்டு முடித்ததும் ரத்னா எழுந்து நின்றார். குரல் இப்போது கணீரென்று வந்தது.

"தானியத்துக்கு ஒண்ணாம் நம்பர். மாட்டுத் தீவனத்துக்கு ரெண்டாம் நம்பர். குழப்பத்தைத் தீத்து வெச்சது எம்பொண்ணு." கொஞ்சம் நிறுத்தி, "பலகையப் புடுங்கினதும் எம்பொண்ணுதான்" என்றார்.

"அப்போ எம்மாட்டுக்கு ரெண்டாம் நம்பர்" என்றார் முனிகிருஷ்ணன். கிளம்ப இருந்த இரண்டு பேரும் ஒன்றாம் நம்பர் விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

ரத்னா நோட்டைப் பிரித்து எடைகளை எழுதினார். கடைசியில் 'சரிபார்த்தது: அஸ்வினி' என்று எழுதி மகளிடம் காட்டினார். பிறகு மூன்று சவுக்குக் குச்சிகளை அவள் கையில் கொடுத்தார்.

"இது உன் ஸ்டம்பு. பலகை என்னோடது."

அன்று சாயங்காலம் முரளி போட்ட முதல் பந்திலேயே அஸ்வினி அவுட். ஆனாலும் ஜெயித்தவள் மாதிரி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தாள்.