இறங்குமிடம்

"வண்டி கேட்டு எல்லார் பேரையும் போட்டுட்டேன். கடைசியா என் பேரு" என்றான் அவள் கணவன், அன்று மலையூரிலிருந்து போனில்.

"ஏன், மொதல்ல போட்டா கை சுட்டுடுமா?"

"கைக்குழந்தைங்க இருக்கும்மா. நான் தடியன்தானே, எப்படியாவது தொத்திக்கிட்டு வந்துடுவேன்."

"சரி, பத்திரம்" என்று வைத்துவிட்டாள். சொல்ல நினைத்தது அதுவல்ல. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டாள். அவனுக்குப் பின்னால் அத்தனை குழந்தைகளின் அழுகை கேட்கும்போது அதைச் சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

வண்டி வரவில்லை. சரிந்த மலை முதலில் பாதையை விழுங்கியது, பிறகு அவர்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தை. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. பிழைத்தவர்களும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். எட்டு வருடங்களாக அந்த ஊர் மிச்சமிருப்பது ஓர் இணையப் பக்கத்தில் மட்டும்தான். சிக்கியவர்கள் வண்டி கேட்டுப் பெயர் பதிய, அன்று உதவிக்கு வந்தவர்கள் அவசரம் அவசரமாகப் போட்ட பக்கம் அது. இன்று மாலையோடு அதையும் மூடுகிறார்கள்.

அழிந்த ஊர்களின் பக்கங்களை நகலெடுத்துக் காப்பதுதான் அவள் வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே நகலெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டாள். வெளியே வானம் கறுத்துக்கிடந்ததால் அந்த மாடி அறையில் பட்டப்பகலிலும் விளக்கெரிந்தது. சர்வர் விசிறிகள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தன.

"மேடம்" என்றான் எதிர் மேசை டெக்னீஷியன். அவன் கண்ணாடியின் தடிமனைப் பார்த்து அலுவலகமே அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர் வைத்திருந்தது. "பட்டனுக்குத் தடை போட்டீங்களா?"

அவள் சட்டென்று திரைப் பக்கம் திரும்பினாள்.

உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, புரோகிராம் கண்ணில் படுவதையெல்லாம் அழுத்தும். அழுத்தக்கூடாதவற்றுக்கு முதலில் தடை போட்டாக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். இன்று அவசரத்தில் மறந்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'வண்டி அனுப்பியாச்சு' என்று ஒரு பட்டன். அழுத்துகிறவரின் முகவரி 'இறங்குமிடம்' என்று தானாக விழும். அன்று வண்டி அனுப்ப முன்வந்த பலர் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது பெயர் பெயராக இந்த அலுவலகத்தின் முகவரி விழுந்துகொண்டிருந்தது.

"விடுங்க மேடம், யாரு வந்து நிக்கப்போறா? என் சாப்பாட்டுல பங்கு கேக்காம இருந்தா சரி" என்று சிரித்தான் சோடாபுட்டி.

சிரிப்பு பாதியில் நின்றது.

முதல் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது.

ஏறிட்டோம்.

அடுத்த பெயருக்குக் கீழேயும்.

ஏறிட்டோம். பாப்பாவும் ஏறிட்டா.

ஏறிட்டோம். ஓட்டுறவரு எதுவுமே பேச மாட்டேங்கிறாரு.

"எவனோ விளையாடுறான்" என்றான். அறையில் எங்கிருந்தோ ஈரமண் வாடை வந்தது. முதல் மழையின் வாடையல்ல; ஆழத்தில் வெகுநாள் மூடிக்கிடந்த மண்ணைப் பிளந்தால் வருமே, அந்த நெடி.

"ப்ளக்கைப் பிடுங்கிடறேன் மேடம்."

"தொட்டா கையை உடைச்சிடுவேன்!"

இந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"அவர் பேரு இன்னும் வரலை" என்றாள், மெதுவாக.

"நகலுக்காகச் சொல்றீங்களா, இல்ல..."

இப்போது நிறுத்தினால் இதுவரை ஏறியவர்களோடு நின்றுபோகும், அவன் மட்டும் அந்த மண்ணுக்கடியிலேயே கிடப்பான். நிறுத்தாவிட்டால் என்ன வரும் என்று தெரியவில்லை. பக்கம் நகர்ந்து நகர்ந்து கடைசிப் பெயருக்கு வந்தது.

பட்டன் அமுங்கியது.

கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.

ஏறிட்டேன். உட்கார இடமில்ல, நின்னுக்கிட்டு வர்றேன்.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவள் அழுதாள்.

கீழே தெருவில் கனமான ஏதோ வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எட்டிப் பார்த்தாள். தெரு காலி. ஆனால் இன்னும் மழையே பெய்யாத அந்தத் தார்ச்சாலையில், வாசல்வரை இரண்டு சேற்றுத் தடங்கள்.

படிக்கட்டில் காலடிகள் கேட்டன.

வெறுங்கால்கள். ஈரக்கால்கள். அவசரமே இல்லாத, ஏராளமான கால்கள்.

அலுவலகக் கதவை உள்ளிருந்துதான் திறக்க முடியும். அதன் மங்கலான கண்ணாடியில் ஓர் உள்ளங்கை வந்து பதிந்தது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி முழுக்க உள்ளங்கைகள்.

சோடாபுட்டி மேசைக்கடியில் சுருண்டிருந்தான். "அக்கா, திறக்காதீங்கக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

வெளியே ஒரு சின்னப் பெண்ணின் குரல். "அங்கிள், இதான் உங்க வீடா?"

"தெரியலடா கண்ணு. உள்ள ஆள் இருக்காங்க. நம்ம எல்லாருக்கும் இடம் இருக்கான்னு கேட்டுப் பார்ப்போம்."

அதே குரல். குழந்தைகளிடம் பேசும்போது மட்டும் குழைகிற அதே குரல்.

அவள் எழுந்து போனாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள். அத்தனை உள்ளங்கைகளுக்கும் மேலே, அவளுக்குப் பழகிய உயரத்தில் ஒரு கை. குளிர்ந்த கண்ணாடியில் கன்னத்தை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று, அன்று விழுங்கியதை இரகசியமாகச் சொன்னாள்.

"அவங்களை அங்கேயே விட்டுட்டு, நீங்க மட்டும் வாங்க."