நலவிசாரி

"ஏதாவது பேசுங்க. பதிவு ஓடிட்டிருக்கு," என்றாள் பூங்கோதை.

"என்ன பேசறது?"

"எப்பவும் என்கிட்ட பேசறதையே பேசுங்க."

நம்பி சற்று யோசித்தான். பிறகு பதிவுக்கருவியின் பக்கம் குனிந்து, "ஒண்ணுமில்ல கோதை. நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட்டாச்சு. நீ வேலையைப் பாரு," என்றான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நிலவின் தென்முனைக் குடியிருப்பில், மருத்துவமனையின் ஒரு சிறிய அறையில், கதிர்ச் சிகிச்சைக்கு முன்தினம் நடந்த பேச்சு அது. பனிச்சுரங்கத்துக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் பூங்கோதைக்கு அது நினைவு வரும். அவன் தன் சொந்தக் குரலில் சிரித்ததை அவள் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

நம்பிக்கு மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில், கத்தி எட்டாத இடத்தில் புற்றுநோய் வந்திருந்தது. கதிர்க்கற்றை எட்டும். ஆனால் அது போகிற வழியில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன, தாடையின் கீல் இருக்கிறது, நாக்கை ஆட்டும் நரம்பு இருக்கிறது, காது இருக்கிறது. எதையெல்லாம் தொடாமல் விட முடியுமோ விடுவதாக மருத்துவர் சொன்னார். எல்லாவற்றையும் விட்டுவிட முடியும் என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

நோய் போய்விட்டது. வருடங்கள் கழித்து எடுத்த படத்திலும் ஒரு பொட்டு மிச்சமில்லை. குடியிருப்பில் எல்லோரும் நம்பியை முழுசாகக் குணமானவன் என்றே சொன்னார்கள். அவன் வாய் மட்டும் பாலையாக வறண்டு கிடந்தது. தாடை ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். வலது காது கேட்காது. நாக்கு தடித்துப்போய், ஏறக்குறைய பாதி எழுத்துக்களை விழுங்கிவிடும். எதைத் தின்றாலும் ஈர அட்டையைத் தின்பதுபோல் இருக்கும் என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவன் பேசியதே இல்லை.

பேசுவதற்கு அவனுக்குப் பேச்சுத்துணை பொருத்தியிருந்தார்கள். தாடைக்கடியில் பட்டாணி அளவு கருவி. தொண்டை நரம்பு லேசாக அசைந்தாலே போதும், அவன் சொல்ல வருவதை ஊகித்து, அவனுடைய பழைய குரலிலேயே சொல்லிவிடும். குடியிருப்பின் பெருங்கணினியான மைய அறிவகத்தோடு சேர்ந்து இயங்குவது அது. அன்று பதிந்த பேச்சோடு, கணவனும் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து தொலைபேசியில் பேசியதையெல்லாம் கொடுத்து அதைப் பழக்கியிருந்தார்கள். அவன் பதில் சொல்லத் தாமதித்தால் தானாகவே பொருத்தமான ஒன்றைச் சொல்லும். கேட்டவர் கவலைப்படக்கூடாதே என்ற கரிசனம்.

பூங்கோதையிடமும் ஒரு கருவி இருந்தது. அதற்குப் பெயர் நலவிசாரி. காற்றில்லாத பள்ளத்தில் கவச உடைக்குள் நின்று பனிக்கட்டி வெட்டும் இயந்திரங்களை மேய்ப்பவளால் வேளாவேளைக்கு யாரையும் அழைக்க முடியாது. அழைக்காவிட்டால் உறவுகள் கோபித்துக்கொள்ளும். ஆகவே அவள் குரலிலேயே அது பூமியிலிருக்கும் நாத்தனாரையும் தம்பியையும் பெரியம்மாவையும் அழைத்து, சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படியிருக்கு என்று கேட்கும். பதிலில் ஏதாவது விபரீதம் இருந்தால் மட்டும் அவளுக்குத் தெரிவிக்கும். கைபேசியில் ரோஜாப்பூப் படம் போட்டு ஊருக்கெல்லாம் காலை வணக்கம் அனுப்பிய நம் காலத்திலேயே இதற்கு விதை விழுந்துவிட்டது. அவர்கள் அதை மரமாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சிகிச்சை நடந்த வாரங்களில் நம்பியின் பெயரையும் அவள் நலவிசாரியில் சேர்த்தாள். பிறகு எடுக்க மறந்துபோனாள்.

வீட்டில் அவனுக்காக அவள் செய்யாதது ஒன்றுமில்லை. சுவரிலிருந்து ஈரக்காற்று வரும்படி மாற்றினாள். சமையல் வாசனை எழும்பாமலிருக்கக் காற்றுவடிகட்டியை வைத்தாள். அவனுக்குக் கூழைக் கரைத்து மேசையில் வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவாள். கவச உடைகள் மாட்டியிருக்கும் மூலையில் முக்காலி போட்டு, சத்தமில்லாமல் மென்று விழுங்குவாள். ருசி செத்துப்போனவன் எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது?

ஆனாலும் நம்பி இளைத்துக்கொண்டே போனான். ராத்திரி அவள் கையைத் தேடி வருகிற அவன் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல கோதை. நல்லாத்தான் இருக்கேன்," என்று அந்த இளமைக் குரல் சொல்லும். மருத்துவரிடம் காட்டினாள். நோய் திரும்பவில்லை, பயப்படாதீர்கள் என்றார். வேறு ஏதோ ஒன்று தன்னிடமிருந்து அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அது என்ன என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சூரியப்புயல் வந்தது. நிலவில் அது புதிதல்ல. எச்சரிக்கை ஒலித்ததும் எல்லோரும் தரைக்கடியிலுள்ள காப்பறைக்கு ஓடுவார்கள். மைய அறிவகத்தை அணைத்துவிடுவார்கள். பேச்சுத்துணை, நலவிசாரி எல்லாம் ஊமையாகிவிடும். வழக்கமாக ஒரு பொழுதுக்குள் முடிந்துவிடும். இந்த முறை நீண்டுகொண்டே போனது.

சுரங்கத்திலிருந்து நேரே ஓடிவந்த பூங்கோதை, கூட்டத்தில் அவனைக் கண்டுபிடித்து, கேட்கும் காதுப் பக்கமாக உட்கார்ந்தாள். அவன் மடியில் வழக்கமான தண்ணீர்க் குப்பி இருந்தது. மூச்சு வாங்கியபடி அவள் முதலில் கேட்டது, எந்த மனைவியும் கேட்பதைத்தான்.

"சாப்பிட்டீங்களா?"

நம்பி இல்லை என்று தலையாட்டினான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை காலத்தில் அந்தக் கேள்விக்கு இப்படியொரு பதிலை அவள் கண்டதில்லை. சாப்பிட்டதாகத்தானே தினமும் சொல்கிறீர்கள், இன்று காலையிலும் சொல்லியிருப்பீர்களே என்றாள்.

அவன் ஒரு வாய் தண்ணீரைச் சுழற்றி விழுங்கினான். பிறகு சொந்த நாக்கால், தேய்ந்த கரகரப்பில், ஒவ்வொரு சொல்லாக இழுத்தான். அவள் காதை அவன் உதட்டருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"நான் சொல்லல. அது சொல்லுச்சு." இன்னொரு வாய் தண்ணீர். "நீ கேட்டியா?"

கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் கேட்கவில்லை. தினமும் அவள் குரலில் ஒரு கருவி கேட்டது, அவன் குரலில் ஒரு கருவி சாப்பிட்டேன் என்றது. இரண்டும் ஒன்றையொன்று நம்பி நிம்மதியாக இருந்தன. விபரீதம் ஒன்றுமில்லாததால் அவளுக்குத் தகவலும் வரவில்லை.

அவன் திக்கித்திக்கிச் சொன்னதிலிருந்து மீதியும் தெரிந்தது. வீட்டில் எதிரெதிரே இருந்தபோதும் அவளிடம் ஒன்று கேட்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறான். புதிதாக ஒன்றைச் சொல்லத் தொண்டை அசையும்போதெல்லாம், பேச்சுத்துணை அவன் பழைய பேச்சில் தேடி, 'ஒண்ணுமில்ல கோதை' என்று முடித்துவிடும். அவன் அப்படிப்பட்டவன் என்றுதான் அதற்குத் தெரியும். அதில் பொய்யும் இல்லை. கருவி வருவதற்கு முன்பும், எதைக் கேட்டாலும் அவன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எழுதிக் காட்டியிருக்கலாம்ல?" என்றாள் அவள். 

"எழுதி... கேட்கற... விஷயமில்ல."

அப்போது தொண்டர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தார்கள். நம்பிக்குக் கூழ்க்குழாய் ஒன்று, அவளுக்குச் சூடான புளிசாதமும் அப்பளமும். காப்பறையில் வடிகட்டி இல்லை. வாசனை அலையாக எழுந்தது. பக்கத்துப் பாயில் ஒரு பெண் அப்பளத்தை நொறுக்கி, சோற்றோடு பிசைந்து, விரல்களை நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நம்பி கூழ்க்குழாயைத் தொடாமல் அந்தப் பெண்ணையே பார்த்தான்.

பூங்கோதை அதைக் கவனித்தாள். பாவம், பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அந்தப் பெண்ணை மறைக்கும்படி நகர்ந்து உட்கார்ந்தாள். தன் பொட்டலத்தைக் கைகளுக்குள் மறைத்துக்கொண்டு, மூலைப்பக்கம் போய்விட்டு வருவதாகச் சொல்லி எழுந்தாள்.

நம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு விரல்களுக்கு அத்தனை பலம் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. குப்பியைத் தூக்கி வாயை நனைத்துக்கொண்டான். அவன் தொண்டை அசைந்தது. தாடைக்கடியிலிருந்த கருவி குறுக்கே பேசவில்லை. அவளும் அவசரப்படுத்தாமல், அவன் சொற்களைத் தேடித் திரட்டும்வரை காத்திருந்தாள்.

"ஒளிஞ்சு சாப்பிடாத கோதை," என்றான். "இங்க, என் முன்னால உட்கார்ந்து சாப்பிடு. தனியா என்னால முடியல."