பாலம் வரைக்கும்

மெக்கானிக் வந்தபோது மழை விட்டிருந்தது. வீட்டின் பின்புறத்து ஷெட்டில் தகரக் கூரையிலிருந்து நீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பகல்தான். ஆனாலும் உள்ளே இருட்டு ஈரச் சாக்கைப் போலத் தொங்கியது. கதவைத் தள்ளியதும் பெட்ரோல் வாசனை முகத்தில் அறைந்தது.

"அண்ணி, தீப்பெட்டி எதையும் இந்தப் பக்கம் கொண்டாந்துடாதீங்க. மூணு பேரும் சேர்ந்து மேல போயிடுவோம்."

"மூணு பேரா?"

"காரையும் சேர்த்துச் சொன்னேன்."

அவள் சிரிக்க முயன்றாள். மெக்கானிக் அவள் கணவரின் பழைய கூட்டாளி. கணவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு அவன் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அந்தப் பழைய காரைக் கணவர் கிழவி என்றுதான் கூப்பிடுவார். "கிழவி என் பேச்சைத்தான் கேட்பா. உன்னை நடுவழியில விட்டுடுவா," என்பார்.

சொன்னபடியேதான் நடந்தது. அவள் தனியாக ஓட்டிப் போனால், ஊர் எல்லைப் பாலத்தருகே வண்டி இருமி, விக்கி, நின்றுவிடும். போன் செய்ததும் அவர் வருவார். வண்டிக்கடியில் குனிந்து எதையோ பார்ப்பார். பிறகு பானெட்டைத் திறந்து, ஃப்யூல் பம்பின் அடியிலிருக்கும் சின்னக் கைப்பிடியை விரலால் தட்டுவார். டக், டக், டக். வண்டி உயிர் பெறும். கரிபடிந்த விரலால் அவள் மூக்கில் ஒரு பொட்டு வைத்து, "நான் இல்லேன்னா என்ன பண்ணுவே?" என்பார். அந்தக் கேள்வியில் அவள் எத்தனையோ முறை உருகிப்போயிருக்கிறாள்.

அடுத்த ஊரில் அம்மா இழுத்துக்கொண்டிருந்த அன்றும் வண்டி பாலத்தருகே நின்றது. அவர் வந்து சேரவே வெகுநேரமாயிற்று. "கிழவியை நம்பி அவ்வளவு தூரம் போக வேணாம். விடிஞ்சதும் பஸ்ஸில போயிடலாம்," என்று வீட்டுக்குத் திருப்பினார்.

விடிந்தபோது அம்மா இல்லை.

அவர் இறந்த பிறகும் வண்டி அங்கேயேதான் நின்றது. முதல் தடவை ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது, மூடியிருந்த பானெட்டுக்குள்ளிருந்து.

டக். டக். டக்.

சாவியைத் திருப்பினாள். கிளம்பியது. பாலத்தின் பக்கம் நகர்த்தினால் அணைந்தது. வீட்டுப் பக்கம் திருப்பினால் ஓடியது. அவளுக்குப் பயமே வரவில்லை. செத்தும் தன்னைக் கைவிடாத மனுஷன் என்று கண்ணீரோடு கைகூப்பினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நகரத்திலிருந்து அக்கா கூப்பிட்டிருந்தாள். தையல் மிஷினோடு வந்துவிடு, சேர்ந்து கடை போடலாம் என்று. மிஷினைப் பின் சீட்டில் ஏற்றியும் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பம்பு ஒழுகத் தொடங்கியது.

மெக்கானிக் முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினான். எஞ்சினின் பக்கவாட்டில் கிண்ணம் போல ஒட்டியிருந்த பம்பைத் துடைத்துப் பார்த்தான். "உள்ளே ரப்பர் கிழிஞ்சிருக்கு. புதுப் பம்பு கொண்டாந்திருக்கேன். எஞ்சின் ஆயில்லகூடப் பெட்ரோல் கலந்திருக்கும். அதையும் மாத்திடுறேன்." டேங்கிலிருந்து வரும் குழாயை உருவினால் பெட்ரோல் கொட்டும். அதை அடைக்க ஒரு போல்ட்டைத் தயாராக வைத்துக்கொண்டு குழாயை உருவினான்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

"டேங்கு ரொம்பி இருக்கே..." என்று முனகியவன், நெற்றியில் தட்டிக்கொண்டான். "அட! டேப்பு மூடியிருக்கு."

"எந்த டேப்பு?"

"பின்சக்கரத்துக்கு அந்தாண்ட, பெட்ரோல் குழாயில, திருகி மூடுற டேப்பு. திருட்டுப் பயம்னு அண்ணன்தான் போடச் சொன்னாரு. உங்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்த சமயம். உங்ககிட்ட சொல்லலையா?"

அவள் குனிந்து பின்சக்கரத்தின் பக்கம் பார்த்தாள்.

"மூடி வச்சுட்டா, திருடன் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பலாம். கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கிறது தீர்ற வரைக்கும் ஓடும். மிஞ்சிப் போனா பாலம் வரைக்கும். அப்புறம் அண்ணன் காலில விழ வேண்டியதுதான்." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டே பம்பின் போல்ட்டுகளைக் கழற்றினான்.

அவள் மூக்கின் நுனியில் அந்தக் கரிப்பொட்டு எரிவது போலிருந்தது.

"தம்பி... நேத்து சாயங்காலம்கூட ஓட்டினேன். வீடு வரைக்கும் ஓடி வந்தது."

"அப்ப திறந்துதான் இருந்திருக்கும். அப்புறம் வந்து மூடினது யாரு?"

"ஷெட் சாவி என்கிட்டதான் இருக்கு."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. கழற்றிய பம்பைப் பழைய செய்தித்தாளின் மேல் வைத்தான். கூரையிலிருந்து சொட்டுவதும் நின்றிருந்தது.

டக்.

இருவரும் செய்தித்தாளைப் பார்த்தார்கள்.

"ஸ்பிரிங்கு," என்றான் அவன், மெதுவாக. "இறுகியிருந்தது தளர்ந்திருக்கும்."

டக். டக்.

பம்பின் கைப்பிடி தானாக ஏறி இறங்கியது. செய்தித்தாளில் பெட்ரோல் கறை ஒரு விரல் அளவுக்கு நீண்டது.

"அண்ணி, நான் நாளைக்கு வரட்டுமா?"

"வேணாம். இப்பவே புது பம்பைப் போடு." அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "அந்த டேப்பையும் பிடுங்கிப் போடு."

பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டிவிட்டுப் புதியதை வைத்தான். பம்பின் நெம்புகோல் உள்ளே சுழலும் தண்டின் மேல் சரியாக உட்கார வேண்டும். அது வழுக்கிக்கொண்டே போனது. ஒருவழியாகப் போல்ட்டுகளை முடுக்கினான். பிறகு குழாயைத் துண்டித்துச் சேர்க்கும் சாமான்களோடும் டார்ச்சோடும் வண்டிக்கடியில் நுழைந்தான்.

கொஞ்ச நேரம் ஸ்பேனர் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணி." கிசுகிசுப்பு. "டேப்பு நட்டு திரும்ப மாட்டேங்குது."

"துருவா?"

"இல்ல. நான் இந்தப் பக்கம் திருப்பினா... யாரோ அந்தப் பக்கம் திருப்புறாங்க."

அவள் ஈரத் தரையில் மண்டியிட்டாள். டார்ச் வெளிச்சத்தில் மெக்கானிக்கின் வியர்த்த முகம் தெரிந்தது. அவன் முஷ்டிக்குள் ஸ்பேனர் எதிர்த்திசையில் மெல்ல மெல்ல நகர்ந்தது. பெட்ரோல் வாசனைக்கு நடுவே, அவளுக்குப் பழக்கமான தலைமுடி எண்ணெயின் வாசம் வந்தது.

"எங்க அம்மா செத்த அன்னைக்கும் நீங்கதானா?" என்று கேட்டாள்.

ஸ்பேனர் இன்னும் எதிர்ப்பக்கமே நகர்ந்தது.

"வண்டிக்கடியில குனிஞ்சீங்களே, திறக்கத்தானே? எங்க அம்மா என்னைத் தேடிட்டே கண்ணை மூடினா. அன்னைக்கு ராத்திரி என் தலையைத் தடவிக் கொடுத்தது, டேப்பு மூடின அதே கையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை ஒருமையில் அழைத்ததில்லை.

"கையை எடுடா."

ஸ்பேனர் சட்டென்று தளர்ந்து, மெக்கானிக்கின் கன்னத்தில் இடித்தது.

டேப்பு வெளியே வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் துண்டு. ஒரு கல்யாண வாழ்க்கை முழுவதும் அதற்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அவள் அதை வாங்கிக் கொல்லைச் சாக்கடையில் எறிந்தாள். மெக்கானிக் ஆயிலை மாற்றினான், கசிவு இருக்கிறதா என்று பார்த்தான், கிளம்பிப் போனான். பழைய பம்பைக்கூட அவன் தொடவில்லை.

அவள் அப்போதே கிளம்பினாள். மழைக்குப் பின் வந்த வெயிலில் பாலம் பளபளத்தது. வண்டி இருமியது. அவள் மூச்சை அடக்கி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

பானெட்டுக்குள் சத்தம் எழுந்தது.

டக். டக். டக். டக். டக்.

உயிர் கொடுக்கும் தட்டல் அல்ல அது. பூட்டிய கதவை உள்ளிருந்து குத்துவது போன்ற ஆத்திரம். பானெட் குலுங்கியது. அவள் மிதித்த காலை எடுக்கவில்லை.

பாலம் முடிந்தது. சத்தமும் நின்றது. அவள் வண்டியை ஓரங்கட்டி, அம்மாவை நினைத்து வாய்விட்டு அழுதாள். அவனுக்காக இதுவரை அழுததெல்லாம் வீண் என்று நினைத்தபோது இன்னும் அழுகை வந்தது.

அக்கா வீட்டில் அன்றிரவு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். காலையில் அக்கா வாசலிலிருந்து, "அடியே, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்து, கேட்டைத் திறக்க முடியல," என்றாள். அவள் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் சாய்ந்தாள்.

கால் பெடலுக்கு எட்டவில்லை.

சீட்டு கடைசி வரை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது, நீளக் கால் உள்ள ஒருவர் ஓட்டுவதற்காக. மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் வெளியே இறங்கி நின்று, சீட்டுக்கடியிலிருக்கும் நெம்புகோலைத் தூக்கிச் சீட்டை முன்னால் இழுத்தாள். நகரவில்லை. கனத்த ஆள் உட்கார்ந்திருக்கும்போது இழுப்பது போலிருந்தது.

பிறகு ஸ்பிரிங்குகள் முனகின. அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மேலே எழுந்தது. சீட்டு லேசாக முன்னால் வழுக்கி வந்தது.

பக்கத்துச் சீட்டின் மெத்தை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிதானமாக அமுங்கியது.