பூனைக்குட்டிக்கு முப்பது டிகிரி

பெட்டிக்குள் கையை விட்ட சிறுமி வண்டு, அதை வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா! உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்குது!"

"சும்மா பயமுறுத்தாதே. திரையைப் பாரு, இருபத்தெட்டுதான் காட்டுது."

அந்த மரப்பெட்டியை அண்ணன்தான் செய்திருந்தான். உள்ளே ஒரு பல்பு, சூட்டை அளக்க ஒரு சென்சார், அளவைக் காட்ட வெளியே ஒரு சின்னத் திரை. முப்பது டிகிரி வந்ததும் பல்பு தானாக அணைய வேண்டும். மழையில் நனைந்து கிடந்த, இன்னும் கண் திறக்காத பூனைக்குட்டிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

வண்டு எட்டிப் பார்த்தாள். குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உடனே பல்பின் பிளக்கைப் பிடுங்கினாள். குட்டியை வாரி எடுத்துப் பெட்டியை மூடினாள்.

பல்பு அணைந்த பிறகும் திரையில் எண் ஏறியது. முப்பத்தொன்று... முப்பத்தைந்து... முப்பத்தெட்டு!

அண்ணனின் முகம் வெளிறிப்போயிற்று. "பல்புதான் எரியலையே! இது என்ன, பேயா?"

"பேயுமில்லை, பிசாசுமில்லை. உன் சென்சார் சரியான தூங்குமூஞ்சி. சூடு எப்பவோ வந்தாச்சு, அது இப்பதான் முழிக்குது."

சென்சார் பென்சில் தடிமனில், இரும்புக் குழாய்க்குள் இருந்தது.

"இவ்வளவு தடிச்ச சட்டை போட்டிருந்தா சூடு எப்படி சட்டுனு உறைக்கும்? வேற இல்லையா?"

"மிளகு அளவுல ஒண்ணு இருக்கு. பொடியன். இதுதான் பார்க்கக் கம்பீரமா இருந்துச்சு, அதான்..."

"போட்டோ பிடிக்கவா வாங்கினே?"

குட்டியை அண்ணன் மடியில் விட்டுவிட்டு, வண்டு குழாய் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு அதைக் கைக்குள் பொத்திப் பத்து எண்ணினாள். இருபத்தொன்பதுதான் வந்தது. அண்ணன் பொடியனை இணைத்து, பெட்டியை இயக்கும் கணினி நிரலையும் அதற்கேற்பத் திருத்தினான். இப்போது ஐந்து எண்ணுவதற்குள் முப்பத்து நான்கு!

"அடேங்கப்பா!" அண்ணன் வாயைப் பிளந்தான். "பல்பு பக்கத்துல மாட்டிடவா?"

"குளிர்றது பல்புக்கா? குட்டி படுக்கிற இடத்துல மாட்டு."

அவன் அங்கே மாட்டி, பல்பின் பிளக்கையும் மறுபடி செருகிவிட்டுக் குட்டியைத் தூக்கப்போனான்.

"பொறு! முதல்ல என் கை. அப்புறம்தான் குட்டி."

வண்டு பெட்டிக்குள் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பதில் பல்பு அணைந்தது. இருபத்தொன்பதில் எரிந்தது. பத்து முறை பார்த்தாள். கை இதமாகவே இருந்தது.

பிறகு குட்டியைத் துணியில் படுக்க வைத்தாள். ஒவ்வொரு முறையும் பல்பு அணைந்தபோது அண்ணன் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தான். சீராக மூச்சு விட்டபடி தூங்கிய பூனைக்குட்டியோ காதைக்கூட அசைக்கவில்லை.